ஹேரி செல் லுக்கீமியா: கண்டறிவது, சிகிச்சை பெறுவது, பிறகு கவனிப்பது – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹேரி செல் லுக்கீமியா என்பது என்ன?

ரத்த வெள்ளணுக்களில் பி லிம்ஃபோசைட் என்று ஒரு வகை உண்டு. முதிர்ந்த ஒரு பி லிம்ஃபோசைட் மரபணு மாற்றமடைந்து, சாகாமல் தன்னையே பெருக்கிக்கொண்டு, எலும்பு மஜ்ஜையிலும் மண்ணீரலிலும் போய்த் தங்கிவிடுவதுதான் இந்த ரத்தப் புற்றுநோய். நுண்ணோக்கியில் பார்த்தால் அந்த அணுவின் ஓரம் வழவழப்பாக இருக்காது. சுற்றிலும் மெல்லிய இழைகள் முடி போல நீட்டிக்கொண்டிருக்கும். பெயர் வந்தது அதனால்தான். 1958இல் அமெரிக்காவின் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பெர்த்தா பூரோன்கிளும் அவருடன் பணியாற்றியவர்களும் இதைத் தனி நோயாக விவரித்தார்கள். 'ஹேரி செல்' என்ற பெயர் 1966இல் வந்தது.

எல்லா லுக்கீமியாக்களையும் சேர்த்துப் பார்த்தால் இது சுமார் 2 சதவீதம்தான். பெண்கள் ஒருவருக்கு வந்தால் ஆண்கள் நால்வருக்கு வருகிறது. பெரும்பாலும் 50 வயதைத் தாண்டியவர்கள். குழந்தைகளுக்கு வருவதில்லை என்றே சொல்லலாம்.

லுக்கீமியா என்றால் வெள்ளணு எக்கச்சக்கமாகக் கூடுமே. ரிப்போர்ட்டில் குறைந்திருக்கிறதே, தப்பாகிவிட்டதா?

தப்பில்லை. இந்த நோயின் அடையாளமே அதுதான். முடியணுக்கள் ரத்தத்தில் அதிகம் சுற்றுவதில்லை, மஜ்ஜைக்குள் உட்கார்ந்துகொள்கின்றன. அங்கே ரெட்டிகுலின் என்ற நுண்ணிய நார்களை வலை போலப் பின்னவைக்கின்றன. நல்ல அணுக்கள் வளர இடமும் இல்லை, சூழலும் இல்லை. போதாக்குறைக்கு வீங்கிய மண்ணீரல், இருக்கிற அணுக்களையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. அதனால் சிவப்பணு, வெள்ளணு, தட்டணு (பிளேட்லெட்) மூன்றுமே குறைகின்றன.

இதனால்தான் பலருக்கு முதலில் "மஜ்ஜை வேலை செய்யவில்லை" என்றோ "வைரஸ் காய்ச்சலால் இறங்கியிருக்கிறது" என்றோ சொல்லப்பட்டு மாதங்கள் ஓடிவிடுகின்றன. மூன்று எண்ணிக்கைகளும் குறைந்து, சில வாரங்களில் தானாக மீளவில்லை என்றால் காரணத்தைத் தேடியே ஆக வேண்டும்.

என்னென்ன அறிகுறிகள்?

சோர்வு, மாடி ஏறினால் மூச்சு வாங்குவது, இடது விலா எலும்புக்குக் கீழே பாரம், கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிரம்பிய உணர்வு, அடிபடாமலே தோல் நீலமாகக் கன்றுவது, விட்டுவிட்டு வரும் தொற்று. கழுத்திலோ அக்குளிலோ நெறி கட்டுவது இந்த நோயில் வழக்கமில்லை. பெரிதாகக் கட்டியிருந்தால் வேறு லிம்ஃபோமாவையும் (நிணநீர்ப் புற்றுநோய்) யோசிக்க வேண்டும். கணிசமானவர்களுக்கு எந்த அறிகுறியும் இருக்காது. வேறு எதற்கோ எடுத்த ரத்தப் பரிசோதனையில் தெரியவரும்.

அரிதாக மூட்டுவலி, தோலில் ரத்தக்குழாய் அழற்சி, தொடை எலும்பின் மேல்பகுதியில் வலி ஆகியவையும் இந்த நோயோடு சேர்ந்து வரலாம். இடுப்புப் பக்கம் விடாத வலி இருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

ரத்த எண்ணிக்கை ரிப்போர்ட்டில் எதைப் பார்ப்பது?

ஒரு மாதிரி ரிப்போர்ட்டை எடுத்துக்கொள்வோம். ஹீமோகுளோபின் 9.8. தட்டணு 62,000. மொத்த வெள்ளணு 2,100. அதில் நியூட்ரோஃபில் 28 சதவீதம், லிம்ஃபோசைட் 66, ஈசினோஃபில் 4, பேசோஃபில் 1, மோனோசைட் 1.

முதலில் சதவீதத்தை விட்டுவிட்டு நேரடி எண்ணிக்கையைக் கணக்கிடுங்கள். 2,100இல் 28 சதவீதம் 588. தொற்றை எதிர்த்து நிற்கும் நியூட்ரோஃபில்கள் ஒரு மைக்ரோலிட்டரில் 588தான் இருக்கின்றன. 1,000க்குக் கீழே போனாலே கவலை, 500க்குக் கீழே ஆபத்து. அடுத்து மோனோசைட்: 2,100இல் 1 சதவீதம் வெறும் 21. மூன்று எண்ணிக்கையும் குறைந்து, கூடவே மோனோசைட்டும் ஏறக்குறைய காணாமல் போயிருந்தால், ஹேரி செல் லுக்கீமியாவை நினைக்காமல் அந்த ரிப்போர்ட்டை மூடக் கூடாது. வேறு நோய்களில் இப்படி மோனோசைட் மறைவது அபூர்வம்.

இங்கே ஒரு பொறி உண்டு. எண்ணும் இயந்திரம் சில சமயம் முடியணுக்களையே மோனோசைட் என்று தவறாக எண்ணிவிடும். "மோனோசைட் 9 சதவீதம், சரியாகத்தான் இருக்கிறது" என்று அதை நம்பிவிட்டால் துப்பு கைநழுவிப் போகும். இயந்திர எண்ணிக்கையோடு நிற்காமல் கண்ணாடித் தகட்டில் ரத்தப் பூச்சு எடுத்து ஒரு நோயியல் மருத்துவர் கண்ணால் பார்க்க வேண்டும்.

பூச்சில் முடியணு தெரியவில்லை என்றால் நோய் இல்லை என்று அர்த்தமா?

இல்லை. மொத்த வெள்ளணுவே 2,000 இருக்கும்போது முடியணு ஒன்றிரண்டு சதவீதம்தான் இருக்கும். அவசரமாகப் பார்த்தால் தப்பிவிடும். அணு ஒரு சாதாரண லிம்ஃபோசைட்டைப் போல ஒன்றரை, இரண்டு மடங்கு பெரியது. உட்கரு முட்டை வடிவிலோ அவரை விதை வடிவிலோ இருக்கும். உட்கருவுக்குள் இருக்கும் நடுக்கரு என்ற சிறு புள்ளி பளிச்சென்று தெரியாது. சைட்டோபிளாசம் வெளிறிய நீலம், ஓரம் கிழிந்த துணி போல. பூச்சு தடிமனாக இருந்தாலோ மெதுவாகக் காய்ந்தாலோ நல்ல அணுக்களுக்கும் ஓரம் பிசிறும். அதனால் பூச்சின் மெல்லிய பகுதியில்தான் தேட வேண்டும். பூச்சு சந்தேகத்தை எழுப்பும், அவ்வளவுதான். உறுதிப்படுத்துவது அடுத்த பரிசோதனை.

ஃப்ளோ சைட்டோமெட்ரி என்றால் என்ன? அதில் என்ன வர வேண்டும்?

ஒவ்வொரு அணுவின் மேலும் சில புரதங்கள் இருக்கின்றன. ஒளிரும் சாயம் ஏற்றிய எதிர்ப்பொருள்களை அவற்றின் மேல் ஒட்டவிட்டு, அணுக்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியின் முன்னால் ஓடவிடுவார்கள். எந்த அணுவில் எந்தப் புரதம் என்று தெரிந்துவிடும். ஆயிரக்கணக்கான அணுக்களைப் படிப்பதால், ரத்தத்தில் ஒரு சதவீதமே முடியணு இருந்தாலும் பிடிபடும். சாதாரணமாகக் கையில் எடுக்கும் ரத்தமே பல சமயம் போதும்.

இந்தப் புரதங்களை 'சிடி' என்ற எழுத்தோடு ஓர் எண் சேர்த்து அழைப்பார்கள். வழக்கமான ஹேரி செல் லுக்கீமியாவில் சிடி19, சிடி20, சிடி22 ஆகியவை இருக்கும். சிடி20யும் சிடி22வும் பளிச்சென்று ஒளிரும். முக்கியமானது அடுத்த நால்வர் கூட்டணி: சிடி11சி, சிடி25, சிடி103, சிடி123. நான்கும் சேர்ந்து வந்தால் நோயின் பெயர் ஏறக்குறைய முடிவாகிவிட்டது. சிடி5 இருக்காது. சிடி10 பெரும்பாலும் இருக்காது, ஆனால் சிறு பங்கினருக்கு இருக்கும். அதை வைத்து மட்டும் நோயறிதலை மாற்றக் கூடாது.

பல ஆய்வகங்களின் வழக்கமான லுக்கீமியா தொகுப்பில் சிடி103, சிடி25, சிடி123 சேர்ந்திருக்காது. "பி அணுப் பெருக்கம், வகைப்படுத்த இயலவில்லை" என்று ரிப்போர்ட் வருவதற்கு இதுவே அடிக்கடி காரணம். பரிசோதனைச் சீட்டில் 'ஹேரி செல் சந்தேகம்' என்று மருத்துவர் எழுதி அனுப்பினால் அவற்றையும் சேர்த்துப் பார்ப்பார்கள். மூன்று சொல் எழுதாததால் இரண்டு மாதம் வீணாகக் கூடாது.

மஜ்ஜை எடுக்கும்போது ஊசியில் ஒன்றுமே வரவில்லை. செய்தவரின் தவறா?

பெரும்பாலும் இல்லை. மேலே சொன்ன நார்வலைதான் காரணம். அணுக்கள் அதில் சிக்கிக்கொண்டிருப்பதால் உறிஞ்சினாலும் வராது. 'டிரை டேப்' என்பார்கள். இந்த நோயில் அது அவ்வளவு சகஜம் என்பதால், வெறும் உறிஞ்சலோடு நிறுத்தாமல் எலும்புத் துண்டும் எடுத்தாக வேண்டும்.

துண்டு கையில் வந்ததும் செய்ய வேண்டிய சில காரியங்கள் உண்டு. ஃபார்மலினில் போடுவதற்கு முன்பே அதைக் கண்ணாடித் தகட்டில் மெல்ல உருட்டியோ தொட்டோ பதிவு எடுக்க வேண்டும். உறிஞ்சல் வராத இடத்தில் இந்தப் பதிவுதான் அணுக்களின் முகத்தைக் காட்டும். முடிந்தால் இரண்டாவது துண்டு ஒன்றை எடுத்து ஃப்ளோ பரிசோதனைக்கு அனுப்பலாம். அதைப் பிரித்து அணுக்களை எடுக்க முடியும். எலும்பை மென்மையாக்க வலுவான அமிலம் பயன்படுத்தினால் மரபணு சிதைந்துவிடும், பின்னால் மரபணுப் பரிசோதனை தோற்றுப்போகும். இடிடிஏ என்ற மென்மையான வேதிப்பொருள் கொண்டு மென்மையாக்கினால் அந்தச் சிக்கல் குறைவு. நேரம் மட்டும் கூடுதலாகும்.

துண்டை வெட்டிப் பார்க்கும்போது அணுக்கள் ஒன்றையொன்று நெருக்காமல், ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றி வெளிறிய வளையத்தோடு நிற்கும். பொரித்த முட்டைகளை அருகருகே பரப்பியது போல என்று நோயியலார் சொல்வது இதைத்தான். சிடி20, அனெக்சின் ஏ1 என்ற புரதங்களைக் காட்டும் சாயங்கள் உறுதிப்படுத்தும். அனெக்சின் ஏ1ஐ மட்டும் தனியாகப் பார்க்கக் கூடாது: நல்ல மைலாய்டு அணுக்களும் (நியூட்ரோஃபில் போன்றவற்றின் குடும்பம்) அதை ஏற்கும் என்பதால், சிடி20 சாயத்தோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும்.

பிராஃப் பரிசோதனை அவசியமா?

அவசியம் என்றே சொல்வோம். வழக்கமான ஹேரி செல் லுக்கீமியா நோயாளிகளில் ஏறக்குறைய எல்லோரிடமும் பிராஃப் மரபணுவில் வி600இ என்ற ஒரே மாற்றம் இருக்கிறது. புரதச் சங்கிலியின் 600ஆவது இடத்தில் வேலின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டும். அதற்குப் பதில் குளூட்டமிக் அமிலம் வந்துவிடுகிறது. அந்த ஓர் எழுத்துப் பிழையால் 'வளர்' என்ற சமிக்ஞை அணையாமல் எரிந்துகொண்டே இருக்கிறது. 2011இல் இத்தாலிய ஆய்வாளர்கள் இதைக் கண்டுபிடித்த பிறகு, நோயறிதலும் மாறியது, மறுபடி வரும் நோய்க்கான மருந்தும் மாறியது. ரத்தத்தில் முடியணு மிகக் குறைவாக இருந்தால் சாதாரண வரிசைமுறைப் பரிசோதனை 'இல்லை' என்று காட்டலாம். அப்போது நுண்ணுணர்வு மிக்க பிசிஆர் முறையிலோ, எலும்புத் துண்டில் விஇ1 என்ற சாயத்தாலோ மறுபடி பார்க்க வேண்டும்.

எந்த நோய்களோடு இது குழம்பும்?

மூன்றைச் சொன்னால் போதும். மஜ்ஜையில் அணுக்களே குறைந்து காணப்படும் சில நோயாளிகளுக்கு அப்ளாஸ்டிக் அனீமியா (மஜ்ஜை ரத்த அணுக்களை உருவாக்காமல் போகும் நோய்) என்று பெயர் வைத்துவிடுவார்கள். சிடி20 சாயம் போட்டால் ஒளிந்திருக்கும் முடியணுக்கள் வெளிப்படும். மண்ணீரல் விளிம்புப்பகுதி லிம்ஃபோமாவிலும் மண்ணீரல் பெருக்கும், அணுக்களுக்கும் சிறு முடிகள் இருக்கும். ஆனால் சிடி103, அனெக்சின் ஏ1, பிராஃப் மாற்றம் ஆகியவை பொதுவாக இருக்காது.

மூன்றாவதுதான் சிகிச்சையையே மாற்றுவது: 'ஹேரி செல் வேரியன்ட்' என்று அழைக்கப்பட்ட நோய். இதில் வெள்ளணு குறையாமல் கூடும், மோனோசைட் காணாமல் போகாது, நடுக்கரு பெரிதாகத் தெரியும், சிடி25 இருக்காது, பிராஃப் மாற்றம் இருக்காது. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2022 வகைப்பாடு இதன் பெயரையே மாற்றி, தனி மண்ணீரல் நோயாக வைத்துவிட்டது. வழக்கமான நோய்க்கு முதல் மருந்தான கிளாட்ரிபினை மட்டும் இதற்குக் கொடுத்தால் சரியாகக் கேட்காது. சிடி20 உள்ள பி அணுக்களைத் தாக்கும் ரிட்டுக்சிமாப் என்ற மருந்தையும் சேர்க்க வேண்டும். பெயரை முதலிலேயே சரியாக வைப்பதில் நாம் இவ்வளவு பிடிவாதம் காட்டுவது இதற்காகத்தான்.

எந்த ஸ்டேஜ்?

இந்த நோய்க்கு ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்ற நிலைகள் நடைமுறையில் இல்லை. ரத்த எண்ணிக்கைகள், மண்ணீரல் அளவு, தொற்று, அறிகுறிகள் இவற்றை வைத்தே முடிவெடுக்கப்படுகிறது.

உடனே சிகிச்சை தொடங்க வேண்டுமா?

பல சமயம் வேண்டாம். மெதுவாக நகரும் நோய் இது. எண்ணிக்கைகள் நன்றாக இருந்து அறிகுறியும் இல்லாதவர்களை, சில மாதங்களுக்கு ஒருமுறை ரத்தம் பார்த்துக்கொண்டு காத்திருக்கச் சொல்வதே சரியான மருத்துவம். சீக்கிரம் தொடங்குவதால் கூடுதல் நன்மை இல்லை. தொற்று அபாயம் மட்டும் முன்கூட்டியே வந்து சேரும்.

தொடங்க வேண்டிய எல்லைகளாகப் பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்டவை: ஹீமோகுளோபின் 11க்குக் கீழ், தட்டணு 1,00,000க்குக் கீழ், நியூட்ரோஃபில் 1,000க்குக் கீழ். இவற்றில் ஒன்று இருந்தாலும் போதும். மண்ணீரல் தொல்லை கொடுத்தாலோ, தொற்று திரும்பத் திரும்ப வந்தாலோ, தாங்க முடியாத சோர்வு இருந்தாலோ அதுவும் காரணம்தான். காத்திருக்கலாம் என்று சொன்னோமே தவிர, எண்ணிக்கை அதலபாதாளத்துக்குப் போகும்வரை என்று சொல்லவில்லை. நியூட்ரோஃபில் 200இல் இருக்கும்போது மருந்தைத் தொடங்குவதற்கும் 900இல் தொடங்குவதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

சிகிச்சைக்கு முன் என்னென்ன பரிசோதனைகள்?

சிறுநீரகம், கல்லீரல் செயல்பாடு. ஹெபடைட்டிஸ் பி: மேற்பரப்பு ஆன்டிஜெனோடு மையப்பகுதி எதிர்ப்பொருளையும் பார்க்க வேண்டும். என்றோ வந்து அடங்கிய கிருமி, ரிட்டுக்சிமாப் கொடுத்ததும் விழித்து எழுந்து கல்லீரலைச் சிதைத்துவிடும். முன்கூட்டியே தெரிந்தால் மாத்திரை கொடுத்துத் தடுக்கலாம். ஹெபடைட்டிஸ் சி, எச்ஐவி, கருத்தரிக்கும் வயதுப் பெண்களுக்குக் கர்ப்பப் பரிசோதனை. காசநோய் இருக்கிறதா என்றும் தேட வேண்டும். மோனோசைட் இல்லாத உடலில் காசநோய் வகைக் கிருமிகளும் பூஞ்சையும் சுலபமாக வேர்விடும்.

கிளாட்ரிபின் எப்படிக் கொடுக்கப்படுகிறது?

1990இல் 12 நோயாளிகளிடம் கிடைத்த முடிவு வெளியானதிலிருந்து முதல் மருந்தாக நிற்பது இதுதான். ஒரே ஒரு சுற்று. பெரும்பாலோருக்குப் பல ஆண்டு நோய் ஒடுங்கிவிடுகிறது.

முறைகள் பல. கிலோவுக்கு 0.1 மி.கி. வீதம் 24 மணி நேரமும் நரம்பில் சொட்டுச் சொட்டாக 7 நாள். அல்லது கிலோவுக்கு 0.14 மி.கி. வீதம் தினமும் 2 மணி நேரம் நரம்பில் 5 நாள். அதே அளவைத் தோலுக்கடியில் ஊசியாக 5 நாள் போடுவதும் உண்டு. 60 கிலோ எடையுள்ளவருக்குக் கணக்குப் போடுவோம். முதல் முறையில் தினம் 6 மி.கி., 7 நாளில் 42. இரண்டாவதில் தினம் 8.4 மி.கி., 5 நாளில் அதே 42. மொத்தம் ஒன்றுதான், வீட்டிலிருந்து வந்து போக வசதியானது 5 நாள் முறை.

ஒரு நாள் அளவுக்கும் மொத்தச் சுற்று அளவுக்கும் குழப்பம் வரவே கூடாது. சில மடங்கு கூடுதலாகக் கொடுக்கப்பட்ட பழைய சோதனைகளில் சிறுநீரகச் செயலிழப்பும் கைகால் செயலிழப்பும் நேர்ந்திருக்கின்றன. இன்னொன்று: மருந்தை சாதாரண உப்புநீரில்தான் கலக்க வேண்டும். 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில் கலந்தால் மருந்து சிதையும். திறக்காத குப்பியைக் குளிர்பெட்டியில், வெளிச்சம் படாமல் வைக்க வேண்டும்.

சிறுநீரகம் சரியில்லாதவர்களுக்கு இதைக் கொடுக்க மிகுந்த எச்சரிக்கை தேவை.

பென்டோஸ்டாட்டின் என்று சொன்னார்களே?

அதுவும் அதே குடும்பம், பலனும் ஏறக்குறைய அதேதான். உடல் பரப்பளவில் ஒரு சதுர மீட்டருக்கு 4 மி.கி., இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நரம்பில். நோய் முழுதும் ஒடுங்கும்வரை தொடர்ந்து, அதன்பின் ஒன்றிரண்டு தவணை கூடுதலாக. ஒவ்வொரு தவணைக்கும் முன், சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினின் பார்த்து, மருந்துக்கு முன்னும் பின்னும் நரம்புவழி நீர் ஏற்ற வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பதால், இடையில் நிறுத்தி நிதானிக்க வாய்ப்பு இருக்கிறது. எண்ணிக்கை மிகவும் தாழ்ந்தவர்களுக்குச் சில மருத்துவர்கள் இதை விரும்புவது அதனால்.

ரிட்டுக்சிமாபை உடனேயே சேர்க்க வேண்டுமா, பிறகு போதுமா?

2020இல் வெளியான ஓர் ஆய்வு இதைத்தான் கேட்டது. கிளாட்ரிபினோடு சேர்த்தே வாரம் ஒருமுறை, சதுர மீட்டருக்கு 375 மி.கி. வீதம் 8 தவணை ஒரு குழுவுக்கு. மற்றக் குழுவுக்குக் குறைந்தது 6 மாதம் பொறுத்து, எஞ்சிய நோய் தெரிந்தால் மட்டும். ஆறு மாதத்தில் நுண்பரிசோதனையிலும் நோய் தென்படாமல் முழுமையாக ஒடுங்கியவர்கள் முதல் குழுவில் 97 சதவீதம், தனிக் கிளாட்ரிபின் பெற்றவர்களில் 24 சதவீதம். சேர்த்துக் கொடுத்தவர்களுக்குத் தொடக்கத்தில் தட்டணு கூடுதலாக இறங்கியது என்பதும் உண்மை, பிறகு மீண்டது.

இந்த வித்தியாசத்தைப் பார்த்தபின், தாங்கும் உடல்நிலை உள்ளவருக்குச் சேர்த்துக் கொடுப்பதே நல்லது என்பது எங்கள் கருத்து. தனிக் கிளாட்ரிபினும் தவறான சிகிச்சை ஆகாது. பல ஆண்டு நலமாக இருப்பவர்கள் அதிலும் ஏராளம்.

மருந்து முடிந்ததும் எண்ணிக்கை இன்னும் இறங்குகிறதே?

இறங்கத்தான் செய்யும். முதலில் எல்லாம் தாழும், பிறகு வரிசையாக ஏறும். தட்டணு சுமார் 2 வாரத்தில், நியூட்ரோஃபில் 5 வாரத்தில், ஹீமோகுளோபின் 8 வாரத்தில் என்பது ஏறக்குறைய சரியான எதிர்பார்ப்பு. இந்த வரிசை தெரியாமல் மூன்றாவது வாரத்தில் மனம் உடைந்துபோகிறவர்கள் பலர்.

காய்ச்சல் வந்தால்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். இந்த நோயில் உயிருக்கு உலை வைப்பது பெரும்பாலும் முடியணு அன்று, தொற்று.

வீட்டில் வெப்பமானி இருக்க வேண்டும். 38.3 டிகிரி செல்சியஸ் ஒரு முறை காட்டினாலோ, 38 டிகிரி செல்சியஸ் ஒரு மணி நேரம் நீடித்தாலோ, நள்ளிரவானாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். போகும் முன் பாராசிட்டமால் போட்டுக் காய்ச்சலை மறைக்காதீர்கள். உள்ளே நுழைந்ததும் சொல்ல வேண்டிய வாக்கியம்: "லுக்கீமியாவுக்குக் கிளாட்ரிபின் எடுத்திருக்கிறேன், நியூட்ரோஃபில் குறைவு." ரத்த வளர்ப்புப் பரிசோதனைக்கு மாதிரி எடுத்துவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் நரம்புவழி ஆன்டிபயாட்டிக் தொடங்கப்பட வேண்டும். வெள்ளணு இல்லாத உடலில் சீழ் பிடிக்காது, எக்ஸ்ரேயில் நிழல்கூடத் தெரியாமல் போகலாம். காய்ச்சல் ஒன்றுதான் குரல் கொடுக்கும்.

கிளாட்ரிபின் ஓடிய முதல் வாரத்தில் வரும் காய்ச்சல்களில் கணிசமானவற்றுக்குக் கிருமி ஏதும் கிடைப்பதில்லை; முடியணுக்கள் சிதைந்து வெளிவிடும் பொருள்களாலும் வரலாம். ஆனால் எது எந்தக் காய்ச்சல் என்று வீட்டிலிருந்தபடி யாராலும் சொல்ல முடியாது.

ஏற்கெனவே தீவிரத் தொற்று இருக்கும்போது கிளாட்ரிபின் தொடங்குவது பெரும் தவறு. முதலில் தொற்றை அடக்க வேண்டும். நோயும் காத்திருக்காது என்ற இக்கட்டில், வெமுராஃபெனிப் போன்ற பிராஃப் தடுப்பு மாத்திரையையோ இன்டர்ஃபெரானையோ பாலமாகக் கொடுத்து, எண்ணிக்கை தேறியபின் மற்றதை யோசிக்கலாம். இவை மஜ்ஜையை அவ்வளவாக ஒடுக்குவதில்லை.

தடுப்பு மாத்திரைகள் எவ்வளவு காலம்?

கிளாட்ரிபினும் பென்டோஸ்டாட்டினும், நோய் எதிர்ப்பை வழிநடத்தும் சிடி4 டி அணுக்களையும் சேர்த்தே அழிக்கின்றன. அவை பழைய நிலைக்கு வர ஆண்டுக்கணக்காகலாம். அக்கி வராமலிருக்க அசைக்ளோவிரும், நிமோசிஸ்டிஸ் நிமோனியா வராமலிருக்க கோட்ரைமாக்ஸசோலும் பல மையங்களில் சிடி4 200ஐத் தாண்டும்வரை தரப்படுகின்றன. கோட்ரைமாக்ஸசோலையும், யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அலோபியூரினாலையும் கிளாட்ரிபின் நாட்களிலேயே தொடங்கினால் உடல் முழுக்கத் தடிப்பு வருவதுண்டு. முன்னதைச் சற்றுத் தள்ளித் தொடங்கலாம். பின்னது இந்த நோயில் பெரும்பாலும் தேவையே இல்லை.

ரத்தம் ஏற்றும்போது கவனிக்க வேண்டியது?

கதிர்வீச்சு செலுத்திய ரத்தமும் தட்டணுவும்தான் ஏற்ற வேண்டும். கொடையாளரின் டி அணுக்கள் பலவீனமான உடலில் பெருகி உறுப்புகளைத் தாக்கும் நிலை அரிது. வந்தால் ஏறக்குறைய உயிர்பிழைக்க வழியில்லை. கதிர்வீச்சு அதைத் தடுக்கிறது. பல ஆண்டு கழித்து வேறு அறுவை சிகிச்சைக்குப் போனாலும் "கிளாட்ரிபின் எடுத்தவன்" என்று சொல்லுங்கள். எழுதிய அட்டை ஒன்று பையில் இருப்பது நல்லது.

நோய் ஒடுங்கிவிட்டதா என்று எப்போது பார்ப்பது?

கிளாட்ரிபினுக்குப் பின் 4 முதல் 6 மாதம் பொறுத்து மஜ்ஜை பார்க்க வேண்டும். அதற்கு முன் பார்த்தால் செத்துக்கொண்டிருக்கும் அணுக்களை எஞ்சிய நோயாகக் கருதி, தேவையில்லாமல் இரண்டாம் சுற்றுக் கொடுக்க நேரும். முழு ஒடுக்கம் என்றால்: ரத்தம் ஏற்றாமலே ஹீமோகுளோபின் 11க்கு மேல், தட்டணு 1,00,000க்கு மேல், நியூட்ரோஃபில் 1,500க்கு மேல், மண்ணீரல் கைக்குத் தட்டுப்படாதது, மஜ்ஜையிலும் பூச்சிலும் முடியணு தென்படாதது.

திரும்ப வந்தால்?

காலப்போக்கில் பலருக்குத் திரும்பும். உடனே சிகிச்சை என்பதில்லை. முதலில் சொன்ன அதே எல்லைகள்தான். இரண்டு ஆண்டுக்குள் திரும்பினால் முதலில் நோயறிதலையே மறுபரிசீலனை செய்ய வேண்டும், வேரியன்டாக இருக்கலாம். பல ஆண்டு கழித்துத் திரும்பினால் அதே குடும்ப மருந்தை ரிட்டுக்சிமாபோடு மறுபடி தரலாம், மீண்டும் கேட்கும்.

பிராஃப் மாற்றம் உள்ளவர்களுக்கு மாத்திரை வழி இருக்கிறது. வெமுராஃபெனிப் 960 மி.கி. தினம் இருவேளை என்பது ஆய்வுகளில் பயன்பட்ட அளவு, 240 மி.கி. இருவேளையிலும் பலன் கிடைத்திருக்கிறது. தனியாகக் கொடுத்தால் எண்ணிக்கை வேகமாகத் தேறும், ஆனால் நிறுத்தினால் நோய் திரும்பிவிடும். ரிட்டுக்சிமாபோடு சேர்த்துக் கொடுத்த 2021 ஆய்வில் 30 பேரில் 87 சதவீதம் பேருக்கு முழு ஒடுக்கம் கிடைத்தது. மருந்து எடுக்கும் நாட்களில் வெயில் சட்டென்று தோலைச் சுட்டுவிடும், மூட்டு வலிக்கும், தோலில் மரு போலப் புதிதாக எது முளைத்தாலும் காட்ட வேண்டும், அது தோல் புற்றாக இருக்கலாம். இசிஜியும் அவ்வப்போது வேண்டும். டாப்ராஃபெனிபும் டிராமெடினிபும் சேர்ந்த கூட்டு, இப்ரூட்டினிப் ஆகியவை அடுத்த வழிகள். மாக்செடுமோமாப் என்ற மருந்து 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றுப் பின்னர் சந்தையிலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டது. பழைய கட்டுரைகளில் படித்துவிட்டுத் தேட வேண்டாம்.

மண்ணீரலை எடுத்துவிட்டால் சரியாகிவிடாதா?

ஒரு காலத்தில் அதுதான் சிகிச்சை. எண்ணிக்கை ஏறும், ஆனால் மஜ்ஜையில் நோய் அப்படியே இருக்கும். இன்று மண்ணீரல் கிழிந்தாலோ, வேறு எதற்கும் கேட்காவிட்டாலோ மட்டுமே.

தடுப்பூசி போடலாமா?

உயிருள்ள கிருமித் தடுப்பூசிகள் கூடாது. ஃப்ளூ, நிமோகாக்கஸ், உயிரற்ற வகை அக்கித் தடுப்பூசி போன்றவை நல்லது. முடிந்தால் சிகிச்சைக்கு 2 வாரம் முன்பே. ரிட்டுக்சிமாபுக்குப் பிறகு சுமார் 6 மாதம் உடல் தடுப்பூசிக்குச் சரியாக எதிர்வினை காட்டாது.

பிள்ளைகளுக்கு வருமா? கர்ப்பமாக இருந்தால்?

பரம்பரை நோயில்லை; பிராஃப் மாற்றம் வாழ்நாளில் ஓர் அணுவில் ஏற்படுவது. பிள்ளைகளுக்குப் பரிசோதனை தேவையில்லை. கர்ப்ப காலத்தில் முடிந்தவரை காத்திருப்பது, முடியாதபோது இன்டர்ஃபெரான்; கிளாட்ரிபின் கருவைப் பாதிக்கும். சிகிச்சை பெறும் ஆண், பெண் இருவருமே அதன்பின் எத்தனை மாதம் கருத்தரிப்பைத் தவிர்க்க வேண்டும் என்று தொடங்கும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

பிறகு எத்தனை நாளுக்கு ஒருமுறை வர வேண்டும்?

சரியான சிகிச்சை பெற்றவர்களில் பெரும்பாலோரின் ஆயுள், அதே வயதுள்ள மற்றவர்களின் ஆயுளுக்கு அருகில் வந்துவிட்டது. அதனால் பின்தொடர்வதும் நீண்டது. முதல் ஆண்டு 3 மாதத்துக்கு ஒருமுறை, பின்பு 6 மாதத்துக்கு ஒருமுறை ரத்த எண்ணிக்கை. ஆண்டுக்கு ஒருமுறை தோல் பரிசோதனை. வயதுக்குரிய மற்றப் புற்றுநோய்ப் பரிசோதனைகளைத் தவற விடாமல் செய்வது. ரிப்போர்ட்டுகளைத் தேதி வாரியாக ஒரே தாளில் எழுதி வையுங்கள். தட்டணு 1,80,000இலிருந்து 1,60,000, பிறகு 1,40,000 என்று இறங்கும்போது ஒவ்வொரு ரிப்போர்ட்டும் தனியாக ஏறக்குறைய 'நார்மல்' என்றே தோன்றும். மூன்றையும் பக்கத்தில் வைத்தால்தான் நோய் திரும்பும் தடம் கண்ணில் படும்.